தரைச்சூடும் தக்காளி வேஷமும்

பாளையங்கோட்டையில் பங்குனி வெயிலுக்கு மாடித் தக்காளி காய்க்காது என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. பூ வரும், கொட்டும், செடி மட்டும் பச்சையாக நிற்கும் என்பார்கள். எங்கள் மாடியிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. இப்போது மே கடைசி. ஒன்பது செடிகளிலிருந்து 11 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பறித்துவிட்டோம். நடுவில் மகளின் பள்ளி ஆண்டு விழா வந்தது. அவளுக்குத் தக்காளி வேஷம் என்று முடிவானதால் அதையும் வீட்டிலேயே செய்ய வேண்டியதாகிவிட்டது. இரண்டு வேலையும் ஒரே மாடியில், பாதி சாமான்களைப் பங்கு போட்டுக்கொண்டு நடந்தன. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

விதை பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட ரகம், அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து வந்தது. பழம் முழு உருண்டையாக இருக்காது. கொஞ்சம் தட்டையாக, காம்புப் பக்கம் பச்சைத் தோளோடு இருக்கும். செடி ஓரளவுக்கு மேல் உயராது, ஒரு குச்சி ஊன்றினால் போதும். மாடிக்கு இந்தக் குட்டை ரகம்தான் சௌகரியம். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து, மார்கழி நடுவில் காகிதக் கப்புகளில் விதைத்தேன். பொங்கல் கழிந்து நாற்றைப் பைக்கு மாற்றினேன்.

பை 15க்கு 15 அங்குல எச்.டி.பி.இ. என்கிற கெட்டி பிளாஸ்டிக் பை, பத்து. கடையில் 12 அங்குலப் பை 30 ரூபாய் குறைவு என்று காட்டினார்கள். வெயில் காலத்துக்கு அதை வாங்காதீர்கள். சின்னப் பையில் மண் குறைவு, மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மண் கலவைக்கு, மூலைக்கரைப்பட்டிப் பக்கம் அத்தானின் தோட்டத்திலிருந்து செம்மண் சாக்கு சாக்காக லோடு ஆட்டோவில் வந்தது. அதோடு ஐந்து கிலோ தென்னை நார்க் கட்டி இரண்டு, மண்புழு உரம் 50 கிலோ. நார்க் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயத் தண்ணீரை இறுத்துவிட்டு மறுபடி ஊற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினேன். அதிலிருக்கும் உப்பு போகாவிட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும்.

நனைந்த பை ஒன்று 40 கிலோ வரை எடை வரும். அதனால் பத்தையும் மாடியின் நடுவில் கூட்டி வைக்காமல், கீழே சுவர் ஓடும் வரிசையில், கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தேன். கட்டடத்துக்கு அதுதான் நல்லது. செடிக்கு நல்லதல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

சொட்டுநீர்க் குழாயும் போட்டேன். 16 மி.மீ. கறுப்புக் குழாய் ஒரு சுருள், 20 மீட்டர். பைக்கு ஒரு சொட்டுவான். எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பக்கெட்டில் ஊற்றி வைத்தால் விளிம்பில் வெள்ளையாகப் படியும். அதே படிவு சொட்டுவானின் துளையை அடைத்தது. ஊசியால் குத்தினால் திறக்கும், அடுத்த வாரம் வேறொன்று அடைத்துக்கொள்ளும். ஒரு பையில் சதசதவென்று ஈரம், பக்கத்துப் பையில் வறட்சி. சரி, இது நமக்குச் சரிப்படாது என்று குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு வாளியும் சொம்புமாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். அந்தச் சுருளின் ஒரு பகுதிக்கு வேறு வேலை காத்திருந்தது.

மாசி பிறந்ததும் பூ வந்தது. முதல் கொத்தில் ஒன்றிரண்டு பிஞ்சு பிடித்தன. அப்புறம் வந்த பூவெல்லாம் காம்பின் முட்டில் மஞ்சளித்து உதிர்ந்தது. தினமும் காலையில் பையைச் சுற்றி மஞ்சள் பூ கிடக்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24க்குக் கீழே இறங்காமல் இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. இது தெரிந்ததுதான் என்பதால் நேராக நிழல்வலை வாங்கப் போனேன்.

பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீதப் பச்சை வலை, 3 மீட்டர் அகலத்தில் 5 மீட்டர். ஆறு சவுக்குக் கம்புகள். மாடித் தளத்தில் துளை போடக் கூடாது என்பதால், பெயிண்ட் அடிப்பவரிடம் காலி 20 லிட்டர் வாளிகள் வாங்கி, கம்பை நிறுத்திச் சல்லியும் கொஞ்சம் சிமெண்டும் போட்டு இறுக்கினேன். வலையை ஐந்தரை அடி உயரத்தில் கட்டி, மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் வரை இறக்கி மூடினேன். சாயங்கால வெயில் அடிக்காமல் இருக்கட்டும் என்று. பார்க்க அழகாக இருந்தது. குனிந்து உள்ளே போனால் மூச்சு முட்டியது. பூ முன்பு போலவே கொட்டியது, இலை மட்டும் கொஞ்சம் வாட்டம் குறைந்தது.

துப்பு அம்மாவிடமிருந்து வந்தது. வலை கட்டியதில் அம்மாவுக்கு என் மேல் கோபம். கோடையில் மாடி என்பது அவள் கணக்கில் கூழ்வத்தலுக்கும் மோர் மிளகாய்க்கும் உரியது. நான் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டேன். மீதியில் வேட்டியை விரித்து வத்தல் பிழிந்துகொண்டிருந்தபோது, கொஞ்சத்தைக் கீழே கொல்லையில் பிழியலாமே என்று கேட்டேன்.

"கொல்லையில போட்டா ரெண்டு நாளாவும். தட்டட்டியில ஒரே நாள்ல காஞ்சிரும். வெயிலு ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதானல? இங்க தரைல்லா அடுப்பு மாதிரி கொதிக்கி!"

வத்தலை வேக வைக்கிற அதே தரையில்தான் என் பைகளும் உட்கார்ந்திருந்தன. நான் மேலே மட்டும் மறைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பு மீன் தொட்டி வைத்திருந்தபோது வாங்கிய சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. நீளமான ஒயரும் நுனியில் சென்சாரும் உள்ளது, 150 ரூபாய்ச் சாமான். புது பேட்டரி போட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். மாலை மூன்று மணிக்கு வெயில் படும் தரையில் 54 டிகிரி. பையின் மேற்கு ஓரத்தில், மண்ணுக்குள் இரண்டு அங்குலத்தில் 43. இரவு ஒன்பது மணிக்கும் தரை 36. வலைக்குள் செடி உயரத்தில் காற்று 29, வலைக்கு வெளியே 28. நான் கட்டிய கூடாரம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வெளியே விடாமல் வைத்திருந்தது.

மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தேன்.

முதலில் பைகளைத் தரையிலிருந்து தூக்கினேன். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் கொல்லையில் அடுக்கிக் கிடந்தது. செங்கலைப் படுக்க வைத்தால் 3 அங்குலம்தான் கிடைக்கும். பக்கவாட்டில் நிறுத்தினால் நாலரை. நாலரை வேண்டும், காற்று அடியில் ஓட வேண்டுமே. பைக்கு நான்கு செங்கல், நடுவில் வடிகால் துளைகள் அடையாதபடி. 40 கிலோ பையை ஒரு ஆள் தூக்கினால் அடி கிழியும். சாக்கை அடியில் நுழைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தூக்க வேண்டும். முந்தின நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் எடை கொஞ்சம் குறையும்.

பைகளை கைப்பிடிச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தேன். சுவரும் தரையைப் போலவே சூட்டை வாங்கித் திருப்பித் தருகிறது. மூன்றடிச் சுவருக்குக் கீழே காற்றும் வராது. பைகளுக்கு இடையே தரையில் முடைந்த தென்னங்கீற்று விரித்தேன். பைகளின் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் பழைய சாக்கைச் சுற்றி, தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அதையும் நனைத்தேன். பிறகு வலை. மேற்கு மறைப்பை எடுத்துவிட்டு, கிழக்கே எட்டடி, மேற்கே ஏழடி உயரத்தில் சரிவாகக் கட்டினேன். நான்கு பக்கமும் திறப்பு. வெயில் சாய்ந்ததும் தரையில் இரண்டு குடம் தண்ணீர் தெளிப்பது வழக்கமானது. அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். பாதி தண்ணீர் அவள் மேல்தான் விழும்.

இதற்கெல்லாம் பிறகு மண்ணில் அதே இடத்தில் மூன்று மணிக்கு 35, 36. இரவு ஒன்பதுக்குக் கீற்றின் மேல் 30, செடி உயரத்தில் 27. வெளியில் இருப்பதைவிட ஒரு டிகிரி குறைவு. விடிகாலையில் இன்னும் இறங்கும். அதற்கு மேல் நம்மால் முடியாது, இது திருநெல்வேலி.

கூடவே காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுவேன். தக்காளிக்குத் தன் மகரந்தமே போதும், அது உதிர ஒரு அசைவு வேண்டும். மத்தியானம் சுண்டிப் பயனில்லை. இது தனியாக எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் பங்குனி நடுவிலிருந்து பூ உதிராமல் நின்றது. கொத்துக்கு மூன்று, நான்கு பிஞ்சு.

இந்த நேரத்தில்தான் பள்ளியிலிருந்து குறிப்பு வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காய்கறி நாடகம் போடுகிறார்கள். சாம்பாரில் யார் முதலில் இறங்குவது என்று காய்களுக்குள் சண்டை. என் மகள் தக்காளி. "உடை உருண்டையாக இருந்தால் நல்லது" என்று மிஸ் எழுதியிருந்தார். டவுனில் வேஷ உடை வாடகைக்கு விடுகிற கடையில் கத்தரிக்காயும் மிளகாயும் இருந்தன. தக்காளி என்று அவர்கள் காட்டியது நெஞ்சில் தொங்கவிடுகிற வட்டமான ஃபோம் அட்டை. வாடகை 450. மகள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சிவப்பு சாட்டின் துணி மூன்று மீட்டர் வாங்கினேன். மேலும் கீழும் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கி, உள்ளே ஸ்பாஞ்ச் அடைத்தால் உருண்டையாகிவிடும் என்பது என் யோசனை. மனைவிதான் தைத்தாள். தைக்கும்போதே "ஏங்க, உள்ள பிள்ள அவிஞ்சிரும்" என்றாள். போட்டுப் பார்த்ததில் சுருக்கம் எல்லாம் மேலிருந்து கீழே வரிவரியாக விழுந்தது. "அப்பா, இது பூசணிக்கால்லா" என்று மகள் சொல்லிவிட்டாள். தெர்மாமீட்டர் சென்சாரை அவள் கழுத்துப் பக்கமாக உள்ளே விட்டேன். அறை 33, உடைக்குள் கொஞ்ச நேரத்தில் 38. நெற்றியெல்லாம் வேர்வை. மாடியில் கட்டிய முதல் கூடாரத்தின் கதைதான். காற்று உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை.

அப்போதுதான் சுருட்டி வைத்த சொட்டுநீர்க் குழாய் நினைவுக்கு வந்தது. 16 மி.மீ. குழாய் எடை இல்லாதது, வளையும், உடையாது. சுருளாக வருவதால் தானே வட்டமாக நிற்கவும் விரும்புகிறது. அடைப்பு இல்லாமல் வெற்றுக் கூடாகச் செய்துவிட்டால், உடம்புக்கும் துணிக்கும் நடுவில் காற்று இருக்கும்.

மகளின் உயரம் 118 செ.மீ. கூடு தோளுக்குச் சற்றுக் கீழே தொடங்கி முட்டி வரை, 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டேன். நான்கு வளையங்கள். மேல் வளையம் 36 செ.மீ. விட்டம், அடுத்தது 62, நடு வளையம் 70, அடி வளையம் 46. விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் வெட்ட வேண்டிய நீளம் வரும்: 113, 195, 220, 145. மொத்தம் ஏழு மீட்டருக்குள் அடங்கிவிட்டது. நுனிகளைக் கொதிநீரில் முக்கி எடுத்து, குழாய் இணைப்பானை உள்ளே தள்ளினால் இறுகிக்கொள்ளும். இணைப்பான் உள்ள இடம் மட்டும் வளையாமல் நேராக நிற்கும், வட்டத்தில் ஒரு முடக்கு தெரியும். நான்கு முடக்கும் ஒரே கோட்டில் வந்தால் கூடு அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். எல்லாவற்றையும் முதுகுப் பக்கம் தள்ளி, அங்கேயும் ஒன்றுக்கொன்று விலக்கி வைத்தேன்.

நெடுக்கு விலா எலும்புக்கு முதலில் மூங்கில் சிம்பு யோசித்தேன். பிள்ளைக்குக் குத்தும். ஹார்டுவேர் கடையில் பெட்டிகளைக் கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டை மூலையில் குவிந்து கிடந்தது. விலை கேட்டதற்கு, "குப்பைக்குப் போறதுக்கு எதுக்குவே காசு, கொண்டு போவும்" என்றார் அண்ணாச்சி. ஒன்றரை செ.மீ. அகலப் பட்டை. ஒவ்வொன்றும் 85 செ.மீ. வீதம் எட்டு. வளையத்தைச் சந்திக்கும் இடத்திலெல்லாம் ஜிப் டை போட்டு, வாலை நறுக்கிவிட்டேன். நறுக்கிய முனை சின்ன பிளேடுதான். அதை வெளிப்பக்கம் திருப்பி, மேலே ஒரு சுற்று துணி நாடா ஒட்டுங்கள். இதை விடவே கூடாது.

பட்டை போட்டதில் எதிர்பாராத லாபம் ஒன்று. அது மடங்கும். அடி வளையத்தை மேலே தூக்கினால் நான்கு வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, கூடு முழுவதும் தட்டையாகிவிடும். ஆட்டோவில் கொண்டுபோக அதுதான் வழி. பிள்ளை உட்காரவும் அதுதான் வழி. ஆண்டு விழாவில் மேடை ஏறுகிற நேரத்தைவிடப் பின்னால் காத்துக் கிடக்கும் நேரம் எப்போதும் அதிகம்.

துணிக்கு இந்தத் தடவை சிவப்பு பாப்ளின். எட்டு இதழ்களாக வெட்டி இணைப்பது. இதழின் வடிவத்தைத் தினத்தாளில் வரைந்தோம்: நீளம் 76 செ.மீ., நடுவில் 30 செ.மீ. அகலம், மேலே 17, கீழே 21, எல்லாம் தையல் சேர்த்து. ஆறு இதழ் பாப்ளின், முதுகுப் பக்கம் இரண்டு இதழ் சிவப்பு நெட் துணி. மேடையில் முதுகை யாரும் பார்க்கப் போவதில்லை. பாப்ளின் 90 செ.மீ. பன்னா, அதாவது அகலம், என்பதால் குறுக்கே மூன்று இதழ் வந்தது, ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் போதுமாக இருந்தது. தோளில் தொங்கவிடப் பழைய பள்ளிப் பையின் வார்கள். அளவு மாற்றும் கொக்கியோடு இருந்ததால் உயரத்தைச் சரிசெய்யச் சிரமமில்லை. அடி முழுக்கத் திறப்பு, கழுத்தைச் சுற்றி நாலு விரல் இடைவெளி. அதே அறையில், ஃபேன் போடாமல், உள்ளே 34.

தலைக்குப் பச்சைக் காம்பு வேண்டும். நிழல்வலையில் ஓரம் வெட்டிய துண்டு இருந்தது. ஐந்து நீண்ட முக்கோணங்களாக வெட்டி, ஓரத்தில் கட்டுக்கம்பியை நூலால் பிடித்து, எலாஸ்டிக் பட்டையில் தைத்தோம். மாடிக்குப் போய் ஒரு காயின் காம்பைப் பார்த்துவிட்டு வந்த மகள், இதழ் கீழே படுத்திருக்கக் கூடாது, மேலே சுருண்டு நிற்க வேண்டும் என்றாள். கம்பி இருந்ததால் வளைத்துவிட்டோம். வலை வெட்டிய ஓரம் பிரியும். மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்கிறது. பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

விழா ஏப்ரல் முதல் வாரத்தில், சாயங்காலம். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம், பரிசளிப்பு, ஆண்டறிக்கை, அப்புறம் கலை நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் சாமியானாவுக்குள் பிள்ளைகள் எல்லோரும் வாடிப்போயிருந்தார்கள். என் மகள் கூட்டை இடுப்பு வரை தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. மேடையில் நடு வளையம் மைக் ஸ்டாண்டில் இடித்து, ஸ்டாண்டு சாய்ந்து, கத்தரிக்காயாக வந்த பையன் பிடித்துக்கொண்டான். 70 செ.மீ. என்று வீட்டு வாசலை அளந்து பார்த்த நான், மேடையில் பிள்ளைகள் எவ்வளவு நெருங்கி நிற்பார்கள் என்று யோசிக்கவில்லை. 60 செ.மீ. போதும். மற்றபடி கூடு குலுங்கியது, உருண்டையாக நின்றது, அவள் வசனத்தை மறக்கவில்லை.

அதே வாரத்தில்தான் முதல் கொத்துக் காய்கள் பழுத்தன. வெயில் ஏறும் முன்பே பிஞ்சு பிடித்தவை அவை. பழுத்தன என்றாலும் சிவக்கவில்லை. ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிட்டன. மகள் உடையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, எது சரியான தக்காளி என்று என்னைக் கேட்டாள். காரணம் மறுபடியும் சூடுதான். சிவப்பைக் கொடுக்கும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் ஒழுங்காக உருவாகாது, மஞ்சள் நிறமி மட்டும் சேர்ந்துகொண்டே போகும். செடியில் விட்டு எவ்வளவு காத்திருந்தாலும் அதே நிறம், தோல்தான் தடிக்கும்.

அதற்குப் பிறகு காயின் அடியில் நிறம் திரும்பும்போதே, லேசான மஞ்சளோ இளஞ்சிவப்போ தெரிந்ததும் பறித்துவிடுகிறோம். வீட்டிலேயே குளிர்ந்த இடம் அடுப்படிக்கு அடுத்த உள்ளறை, மண்பானை இருக்கும் மூலை. அங்கே சொளவில் (முறத்தில்) ஒன்றோடொன்று படாமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி வைத்தால் சில நாட்களில் நல்ல சிவப்பு வருகிறது. அவசரமென்றால் பக்கத்தில் ஒரு வாழைப்பழம். அணிலுக்கும் மைனாவுக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்பது உபரி.

சின்னத் தொல்லைகள் இரண்டு. ஒரு செடியின் நுனி இலை சுருண்டு, சிறுத்து, வளர்ச்சி நின்றது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி. மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி வெளியேற்றினேன். மற்றச் செடிகளுக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி அடித்தேன். மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டதில் ஈ நிறைய ஒட்டியது. இன்னொன்று, சில காய்களின் அடியில் கறுத்து அமுங்கிய வட்டம். முட்டை ஓடு போடு என்று பலர் சொன்னார்கள். ஓடு மட்கி மண்ணில் சேர்வதற்குள் சீசனே முடிந்துவிடும். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததுதான் கோளாறு, அதைக் கொண்டுபோவது தண்ணீர். ஒரு நாள் வெள்ளமும் ஒரு நாள் வறட்சியுமாக விடாமல், காலையில் இரண்டு லிட்டர், மாலையில் ஒரு லிட்டர் என்று நிறுத்தி, மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்பினேன். அடுத்து வந்த காய்களில் கறுப்பு இல்லை.

செலவைப் பார்த்துவிடலாம். பைகள் 750, நார்க் கட்டி 360, மண்புழு உரம் 600, மண் லோடு 350, விதை 30, நிழல்வலை 420, சவுக்குக் கம்பு 540, கட்டுக்கம்பியும் ஜிப் டையும் 120, வேப்பெண்ணெய் 80, சொட்டுநீர்ச் சாமான் 300, தென்னங்கீற்று 120. மொத்தம் 3,670 ரூபாய். வாளியில் போட்ட சிமெண்டும் சல்லியும் செங்கலும் வீட்டில் கிடந்தவை. வேஷத்துக்குப் பாப்ளின் இரண்டு மீட்டர் 140, நெட் துணி 50, எலாஸ்டிக் 20, இணைப்பான் 20, ஆக 230. பூசணிக்காய் ஆன சாட்டின் 270 தனி. அது இப்போது தையல் மிஷினுக்கு உறை.

மகராஜநகர் உழவர் சந்தையில் தக்காளி கிலோ 25 ரூபாய்க்குக் கிடைத்த நாட்கள்தான் இந்தக் கோடையில் அதிகம். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கமிருந்து வருகிற காய். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை அந்த ஊர்களும் எங்கள் மாவட்டம்தான். அந்தக் கணக்கில் என் 11 கிலோவின் மதிப்பு 275 ரூபாய். பையும் வலையும் கம்பும் இன்னும் சில வருஷம் உழைக்கும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஒன்றும் பேசவில்லை, தொக்கு கிண்டப் போய்விட்டாள். ஆனால் அந்தத் தொக்கு நன்றாக இருந்தது. சந்தைத் தக்காளியைவிடப் புளிப்பு தூக்கல், ரசத்துக்குப் புளியைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த தடவைக்கு மாற்ற வேண்டியவை இருக்கின்றன. விதையைக் கார்த்திகைக் கடைசியிலேயே, மழையில் நனையாத இடத்தில் போட்டுவிட வேண்டும். பதினைந்து நாள் முந்தினால் இன்னும் இரண்டு கொத்து வெயிலுக்கு முன்பே பிடித்துவிடும். பைகளை மண் நிரப்பும் முன்பே செங்கல் மேல் வைக்க வேண்டும், நிரப்பிய பிறகு தூக்குவது முதுகுக்குக் கேடு. செடிகள் நிற்கும் பகுதியில் மட்டும் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அடித்துவிட்டு அதே மூன்று மணிக்கு அளந்தால் தெரிந்துவிடும். வத்தல் பகுதிக்குச் சுண்ணாம்பு கூடாது என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள், அவளுக்குச் சூடு வேண்டும். நிழல்வலை பச்சைக்குப் பதில் வெள்ளை வாங்குவேன். பாதிப் பைகளில் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போட எண்ணம். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு ரகம். விதை எடுத்து மறுபடி போட முடியாது என்பதால் மீதிப் பைகளில் பி.கே.எம். 1 தொடரும். இந்த வருஷத்து நல்ல பழம் இரண்டின் விதையைச் சாம்பலில் புரட்டிக் காய வைத்திருக்கிறேன்.

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல், இங்கே வெறும் காற்று. மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றில் எட்டடி உயர வலை நிற்காது, வாளியோடு கம்பையும் சாய்த்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை வலையை அவிழ்த்துச் சுருட்ட வேண்டும். தக்காளிக் கூடு மச்சில் தட்டையாக மடங்கிக் கிடக்கிறது. எதிர்வீட்டுப் பையனின் பள்ளியில் மாறுவேடப் போட்டிக்குக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கும் முன் நடு வளையத்திலும் அதற்கு மேலுள்ளதிலும் ஆளுக்கு 30 செ.மீ. நறுக்கி, பாப்ளின் இதழ்களை ஒரு தையல் உள்ளே பிடித்துவிட்டால் விட்டம் பத்து செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இறங்கிவிடும்.